வைரஸ் சோதனையில் தாமதம் எங்கே இருக்கிறது?

பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது விருப்பாட்சி மலைவாழை. கீழ்ப்பழனி மலைகளிலும் சிறுமலையிலும் 1970களில் ஏறத்தாழ 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. காபிக்கும் மிளகுக்கும் மாறியவர்கள் உண்டு, மழை பொய்த்த வருடங்கள் உண்டு. ஆனாலும் முதல் காரணமாக எல்லோரும் சொல்வது முடிக்கொத்து நோயைத்தான். அதை உண்டாக்கும் வைரஸ் இலங்கையில் 1913இலேயே தலைகாட்டியது. அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக்கு வந்தது, பிறகு நம் மலைகளுக்கு ஏறியது. அது தானாக ஏறவில்லை. கன்று சுமந்தவர்களோடு ஏறியது.

அனுபவப்பட்ட விவசாயி இந்த நோயை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்தால் சோதனைக்கூடத்தின் தேவை எங்கே தொடங்குகிறது என்பது புரியும். குருத்துக்கு அடுத்த இளம் இலையைப் பிடித்து, வெளிச்சத்துக்கு எதிரே உயர்த்தி, அடிப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டிய சிறு நரம்புகளிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் மாறி மாறி விழுந்திருக்கும். சிறு நரம்புகள் நடுநரம்பைத் தொடும் இடத்தில் கொக்கி மாதிரி வளைந்து இறங்கும். அடுத்தடுத்து வரும் இலைகள் குட்டையாகி, குறுகி, விளிம்பு மஞ்சளாகி, உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக விறைத்து நிற்கும். அந்த நிலைக்கு வந்த மரம் தார் போடாது. போட்டாலும் விற்கிற தாராக இருக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாழை அசுவினி ஆரோக்கியமான மரத்தில் வைரஸை இறக்கிவிட்டுப் போன பிறகு, புதிதாகச் சில இலைகள் விட்டால்தான் முதல் புள்ளியே தெரியும். அதற்குள் அந்த மரத்தில் குடியேறிய அசுவினிகள் பக்கத்து மரத்துக்கும் போய்விடும். அதைவிட மோசம், அந்த மரத்தின் கிழங்கிலிருந்து வெடிக்கும் பக்கக்கன்று பார்ப்பதற்குச் சுத்தமாக இருக்கும். அதைத் தோண்டி, வேர் சீவி, சாக்கில் கட்டி அடுத்த ஊருக்கு அனுப்பினால் நோயும் சேர்ந்து பயணிக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முந்தைய இந்த இடைவெளியில் வைரஸைப் பிடிக்கத்தான் மூலக்கூறுச் சோதனை.

கடந்த கால் நூற்றாண்டில் இந்தச் சோதனைகள் நம்ப முடியாத அளவுக்கு வேகம் பிடித்திருக்கின்றன. மூன்று நாள் எடுத்த வேலையை இன்று இருபது நிமிடத்தில் வயல் வரப்பில் உட்கார்ந்து முடிக்கலாம். இருந்தும் வயலில் நோய் குறைந்ததா என்றால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இந்தத் துறையின் ஆய்வேடுகளை வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தால் ஒன்று உறுத்தும்: தாமதம் இப்போது குழாய்க்குள் இல்லை. குழாய்க்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

கண், செடி, எதிர்ப்பொருள்

வைரஸ் என்ற கருத்தே ஒரு பயிர்நோயிலிருந்து பிறந்ததுதான். நெதர்லாந்தில் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்த அடால்ஃப் மேயர், நோயுற்ற இலைச்சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் நோய் தொற்றுகிறது என்று 1886இல் எழுதினார். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் அந்தச் சாறு தாண்டிவிடுவதை ரஷ்யாவின் இவானோவ்ஸ்கி 1892இல் கண்டார். இது புதுவகைத் தொற்று என்று 1898இல் துணிந்து சொன்னவர் பெய்யெரிங்க். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வைரஸைக் கண்டறிவது என்றால் இன்னொரு செடியில் ஏற்றிப் பார்ப்பதுதான். சந்தேகப்படும் இலையை அரைத்து, புகையிலை இனச் செடி ஒன்றின் இலையில் தேய்த்து, புள்ளி விழுகிறதா என்று காத்திருப்பார்கள். அதற்கு வாரக் கணக்காகும். வைரஸுக்கு உயிர் இருக்கிறதா, அதாவது தொற்றும் திறன் இருக்கிறதா என்பதை நேரடியாகச் சொல்லும் சோதனை இன்றும் இது ஒன்றுதான். இதை ஓரம் கட்டியவர்கள் பிறகு இதனிடமே திரும்பி வந்த கதை பின்னால் வரும்.

1977இல் கிளார்க், ஆடம்ஸ் இருவரும் எலைசா முறையைப் பயிர் வைரஸ்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். வைரஸின் புரத உறையை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைத் தட்டின் குழிகளில் பூசி, இலைச்சாற்றை ஊற்றி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. ஒரே தட்டில் 96 குழிகள். உருளைக்கிழங்கு விதை உற்பத்தி உலகெங்கும் ஒழுங்குக்கு வந்ததில் இந்த முறைக்குப் பெரும் பங்குண்டு. பின்னால் இதையே காகிதப் பட்டையில் ஏற்றினார்கள். கர்ப்பச் சோதனைப் பட்டையைப் போலவே, சாற்றில் முக்கினால் சில நிமிடத்தில் கோடு விழும். சொல்லப்போனால் வயலில் இன்றும் அதிகம் புழங்குவது இந்தப் பட்டைதான். மூலக்கூறுச் சோதனைக்காரர்கள் இதைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். அந்த ஏளனம் தேவையற்றது.

எலைசாவுக்கு ஓர் எல்லை இருந்தது. 1971இல் தியோடர் டீனர் உருளைக்கிழங்கில் வைராய்டு என்ற ஒன்றைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 359 எழுத்துகள் மட்டுமே கொண்ட ஆர்என்ஏ வளையம் அது. புரத உறை கிடையாது, எந்தப் புரதத்தையும் அது செய்வதும் இல்லை. உறையே இல்லாததை எதிர்ப்பொருளால் எப்படிப் பிடிப்பது? மரபணுவையே நேரடியாகத் தேட வேண்டிய கட்டாயம் அங்கே வந்தது. வேறு வைரஸ்களிலும் எலைசா தடுமாறியது. ஒரே குடும்பத்து வைரஸ்களின் உறைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதால், மரவள்ளித் தேமலில் இருப்பது இந்திய வைரஸா இலங்கை வைரஸா என்று பிரித்துச் சொல்வது எதிர்ப்பொருளுக்குக் கடினம்.

பிசிஆரும் வாழைச் சாறும்

1983இல் கேரி முல்லிஸ் கண்ட பிசிஆர் இந்தத் துறையையே மாற்றியது. வைரஸ் மரபணுவின் ஒரு துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும்படி பிரைமர் எனப்படும் இரண்டு சிறு டிஎன்ஏ இழைகளைச் செய்துகொள்வார்கள். கலவையை 94 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 55 டிகிரி அளவுக்குக் குளிர்வித்தால் பிரைமர் ஒட்டும். 72 டிகிரியில் நொதி புதிய இழையைப் பின்னும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி, ஒன்று நூறு கோடியைத் தாண்டும். முடிக்கொத்து வைரஸுக்கு இந்த வழி திறந்தது 1990களின் தொடக்கத்தில். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேலின் குழுவினர் அதன் மரபணுவைப் படித்தார்கள். ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம் எழுத்துகள் கொண்ட ஆறு தனித்தனி டிஎன்ஏ வளையங்கள். ஆறும் சேர்ந்தால்தான் முழு வைரஸ்.

வெள்ளரித் தேமல் வைரஸும், வாழைப் பூமடலில் தேமல் உண்டாக்கும் வைரஸும் ஆர்என்ஏ வகை. அவற்றுக்கு முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ஒரு படி கூடுதல். பிறகு, ஒளிரும் சாயம் சேர்த்து, பெருகப் பெருக அளந்துகொண்டே வரும் நிகழ்நேர பிசிஆர் வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ஆய்வேடுகளில் ஒரே வரியில் முடிந்துபோகும் இன்னொரு வேலையை யாரும் விரிவாகப் பேசுவதில்லை. இலையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலை அது.

வாழையை வெட்டியவருக்கு அதன் சாற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியில் பட்ட கறை எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தக் கறையை உண்டாக்கும் பாலிஃபீனால்களும், கொழகொழப்பான பல்சர்க்கரைகளும் பிசிஆர் நொதியை முடக்கிவிடும். அவற்றை அகற்ற இலை நரம்பைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து உரலில் பொடிப்பார்கள். சிடிஏபி என்ற சோப்பு போன்ற உப்புக் கரைசலில் கலந்து 65 டிகிரியில் வைப்பார்கள். சாறு கறுக்காமலிருக்க மெர்காப்டோஎத்தனால் சேர்ப்பார்கள். அழுகிய முட்டை நாற்றம் அறை முழுக்க நிற்கும். பிறகு குளோரோஃபார்ம், சுழற்றல், மேலே தெளிந்ததை மட்டும் எடுத்தல், ஆல்கஹாலில் படிய வைத்தல், கழுவுதல், காய வைத்தல். கை தேர்ந்தவருக்கும் அரை நாள் போய்விடும். இதில் எங்காவது கறை தங்கினால் நோயுள்ள செடிக்கும் 'வைரஸ் இல்லை' என்று விடை வரும். அதனால்தான் நல்ல சோதனைக்கூடங்கள் ஒவ்வொரு மாதிரியிலும் வாழையின் சொந்த மரபணு ஒன்றையும் கூடவே தேடுகின்றன. அது பெருகவில்லை என்றால் விடை 'இல்லை' அல்ல, 'சோதனை நடக்கவில்லை' என்று பொருள். அறிக்கையில் இந்த வரி இல்லாத எதையும் நம்பக் கூடாது என்பது என் கட்சி.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த கண்டுபிடிப்பு ஆடம்பரமே இல்லாதது. 2017இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வடிகட்டித் தாளை மெழுகில் தோய்த்து ஒரு பட்டை செய்தார்கள். நுனியில் மட்டும் மெழுகு இல்லாத சிறு பகுதி. இலையை ஒரு கரைசலில் போட்டுக் குலுக்கி, பட்டையை அதில் சில முறை முக்கி, கழுவு நீரில் முக்கி, நேரே சோதனைக் குழாயில் முக்க வேண்டியதுதான். மரபணு தாளில் ஒட்டிக்கொண்டு வரும், கறை கழுவுநீரில் போய்விடும். முப்பது நொடிக்குள் முடிகிற வேலை. பட்டைக்கு ஆகும் செலவோ சில காசுகள். வேகம் பற்றிப் பேசும்போது எல்லோரும் நொதிகளின் பேரைத்தான் சொல்கிறார்கள். வயலில் உண்மையான வேகத்தைக் கொண்டு வருவது இந்த மாதிரித் தாள்தான்.

சுற்று இல்லாத பெருக்கம்

பிசிஆருக்குச் சூடு ஏற்றி இறக்கும் கருவி வேண்டும், கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். அதைத் தவிர்க்கப் பிறந்தவை ஒரே வெப்பநிலையில் நடக்கும் முறைகள். 2000இல் ஜப்பானின் நோட்டோமியும் சகாக்களும் லாம்ப் முறையை வெளியிட்டார்கள். நான்கு முதல் ஆறு பிரைமர்கள், இழையைத் தானே விலக்கிக்கொண்டு முன்னேறும் ஒரு நொதி, 60 முதல் 65 டிகிரி வரையான வெந்நீர். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் குழாய் கலங்கும் அல்லது நிறம் மாறும். பயிர் வைரஸில் இதை முதலில் பொருத்தியது 2003இல், ஜப்பானிய வள்ளிக்கிழங்கு வகை ஒன்றின் தேமல் வைரஸுக்கு. வெந்நீர் ஊற்றிய பிளாஸ்கிலேயே வைத்துச் செய்து காட்டியவர்களும் உண்டு. கறையை இந்த நொதி பிசிஆர் நொதியைவிட நன்றாகத் தாங்கும் என்பது வாழைக்கும் மாமரத்துக்கும் கூடுதல் லாபம்.

2006இல் வந்த ஆர்பிஏ இன்னும் ஒரு படி இறங்கி 37 முதல் 42 டிகிரியில் வேலை செய்கிறது. உடம்புச் சூடே போதும். உலர்ந்த பொடியாக வருவதால் ஐஸ்பெட்டி சுமக்க வேண்டியதில்லை. இருபது நிமிடத்தில் விடை காகிதப் பட்டையில் கோடாக விழும். முடிக்கொத்து வைரஸுக்கான ஆர்பிஏ சோதனை ஒன்றை இந்திய ஆய்வாளர்களே உருவாக்கி 2017இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கிரிஸ்பர் முறைகள் வந்து சேர்ந்தன. வழிகாட்டும் ஆர்என்ஏ தன் இலக்கைக் கண்டதும் அதோடு சேர்ந்திருக்கும் காஸ் என்ற வெட்டும் நொதிக்கு வெறி பிடித்து அருகிலிருக்கும் இழைகளையெல்லாம் வெட்டத் தொடங்கும். அந்த வெட்டில் ஒளி விடும்படி ஓர் இழையை முன்கூட்டியே கலந்து வைத்திருப்பார்கள். ஓரிரு எழுத்து வேறுபாட்டையும் பிரித்தறியும் என்பது இதன் பலம். பெரும்பாலும் முன்னதாக ஆர்பிஏயோ லாம்ப்போ செய்துதான் ஆக வேண்டும் என்பதால், இதைத் தனி முறை என்பதைவிட மேலே வைத்த பூட்டு என்று சொல்வதே பொருத்தம்.

பூட்டுக்குத் தேவை உண்டு. லாம்ப் முறை அவ்வளவு வெறியோடு பெருக்குவதால், முடிந்த குழாயை ஒரு முறை திறந்துவிட்டால் அந்த அறையே மாசுபடும். அடுத்த நாள் தண்ணீரை வைத்துச் சோதித்தாலும் 'வைரஸ் உண்டு' என்று வரும். அமிலத்தன்மை மாறினால் இளஞ்சிவப்பு மஞ்சளாகும் சாயத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு வேறொரு வம்பு: சில இலைச்சாறுகளே அமிலமாக இருக்கும், ஊற்றியதும் மஞ்சளாகும். ஆய்வேடுகளின் கடைசிப் பத்தியில் 'பிசிஆரைவிட நூறு மடங்கு நுண்ணியது' என்று எழுதுவது ஒரு சடங்காகிவிட்டது. நோயுற்ற வாழையில் வைரஸ் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நூறு மடங்கு நுணுக்கத்தால் வயலில் கிடைப்பது பெரும்பாலும் நூறு மடங்கு மாசு அபாயம்தான்.

முற்றிலும் வேறு வழியில் போனது மரபணு எழுத்துகளின் வரிசை படித்தல். மேற்சொன்ன எல்லாச் சோதனைகளும் 'இந்த வைரஸ் இருக்கிறதா?' என்று கேட்பவை. வரிசை படித்தல் 'என்ன இருக்கிறது?' என்று கேட்கிறது. வரிசை படிக்கும் கையடக்க நானோபோர் கருவியை எடுத்துக்கொண்டு லாரா பாய்க்கின் உள்ளிட்ட குழுவினர் தான்சானியா, உகாண்டா, கென்யா மூன்று நாடுகளிலும் சிறு விவசாயிகளின் மரவள்ளித் தோட்டத்துக்கே போனார்கள். 2019இல் வெளியான அவர்கள் அறிக்கைப்படி, தோட்டத்தில் காலடி வைத்ததிலிருந்து முதற்கட்ட விடை வரை மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. எல்லாக் கருவியும் பேட்டரியில் ஓடியது. இலை, தண்டு, கிழங்கு, பூச்சி எல்லாவற்றிலும் தேமல் வைரஸைப் படித்தார்கள். புதிய நோய் ஒன்று புரியாமல் பரவும்போது இதற்கு நிகர் இல்லை. நாள்தோறும் கன்று சோதிக்க இது ஆடம்பரம். மேலும், இப்படித் தேடினால் பேர் தெரியாத வைரஸ்கள் நிறையக் கிடைக்கின்றன. அவை பயிருக்குத் தீங்கு செய்கின்றனவா, சும்மா இருக்கின்றனவா என்று சொல்ல யாரிடமும் தரவு இருப்பதில்லை. துறைமுகத் தொற்றுத்தடுப்பு அதிகாரி அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இருந்தும் இல்லாத வைரஸ்

சோதனை சரி, விடை தவறு என்ற நிலை வாழையில் இருப்பதைப் போல வேறு பயிரில் பார்ப்பது அரிது.

வாழை இலையில் கீற்றுக் கீற்றாக மஞ்சள் கோடு விழச் செய்யும் ஒரு வைரஸ் உண்டு. பூவனில் நம் ஊரிலும் சகஜம். நாம் சாப்பிடும் வாழைகளுக்கு இரண்டு காட்டு மூதாதைகள்: அக்குமினாட்டா, பால்பிசியானா. ரொபஸ்டாவும் ஜி-9ம் முழுக்க அக்குமினாட்டா வழி. பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி ஆகியவற்றில் பால்பிசியானாவின் பங்கும் கலந்திருக்கிறது. 1999இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரு விசித்திரத்தை வெளியிட்டன. கீற்று வைரஸின் மரபணு பால்பிசியானாவின் மரபணுவுக்குள்ளேயே எப்போதோ ஒட்டி, தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது. அந்த வழி வந்த செடியில் வைரஸே இல்லாதபோதும் பிசிஆர் 'உண்டு' என்று அடித்துச் சொல்லும். அது பொய்யும் இல்லை, அந்த எழுத்துகள் செடியில் இருக்கத்தான் செய்கின்றன.

கதை அதோடு முடிந்திருந்தால் பிரைமரை மாற்றிச் சமாளித்திருக்கலாம். ஒட்டிக்கிடக்கும் சில துண்டுகள் செடி நெருக்கடிக்கு ஆளாகும்போது விழித்து, முழு வைரஸாகக் கிளம்பிவிடுகின்றன. கடும் வெப்பமோ குளிரோ காரணமாகலாம். திசு வளர்ப்பும் ஒரு காரணம். அதாவது நோயில்லாக் கன்று செய்யும் முறையே சில கலப்பினங்களில் நோயை எழுப்பிவிடும். பெல்ஜியத்தின் லூவென் நகரில் உலக வாழை ரகங்களைச் சேமித்து நாடுகளுக்கு அனுப்பும் மையம் இருக்கிறது. பால்பிசியானா வழி வந்த நல்ல கலப்பினங்களை வெளியே அனுப்பலாமா கூடாதா என்று அங்கே நீண்ட காலம் திண்டாடினார்கள்.

விடை தேடிப் போனவர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, எதிர்ப்பொருள் பூசிய குழாயில் முழு வைரஸ் துகளை மட்டும் பிடித்து, செடியின் டிஎன்ஏவைக் கழுவி விட்டு, பிறகு பிசிஆர். கழுவல் முழுமையாக இருக்காது என்பது இதன் பலவீனம். மற்றொன்று, வளையமாக இருக்கும் டிஎன்ஏவை மட்டும் சுற்றிச் சுற்றிப் பெருக்கும் முறை. உயிருள்ள கீற்று வைரஸ் வளையமாக இருக்கும். செடியின் மரபணுவில் ஒட்டிக்கிடப்பது நீள இழையின் ஒரு பகுதி, அது வளையமில்லை. 2011 வாக்கில் குயின்ஸ்லாந்தில் இதைச் செம்மையாக்கினார்கள். அழகான யோசனை. ஆனால் சில மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் இரவு முழுக்க வைப்பார்கள். இருபது நிமிட விடைக்கும் சரியான விடைக்கும் நடுவில் தேர்ந்தெடுக்க வேண்டி வரும் இடம் இது. பூவனுக்குச் சான்று கொடுப்பவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் தக்காளியில் தெரிந்தது. 2014-15இல் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் தலைகாட்டிய பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் விதையோடு உலகம் சுற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதைச் சோதனையைக் கட்டாயமாக்கியது. கிருமிநீக்கம் செய்த விதையின் தோலிலும் செத்த வைரஸின் ஆர்என்ஏ ஒட்டியிருக்கும், பிசிஆர் அதையும் எண்ணும். அந்த விதை நோயைப் பரப்புமா? அதைச் சொல்ல மறுபடியும் புகையிலை இனச் செடியின் இலையில் தேய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நூற்றாண்டு கடந்தும் மேயரின் முறை வேலையில் இருக்கிறது.

எத்தனை கன்று, யாருடைய கன்று

நாற்றுப்பண்ணை ஒன்றில் நூற்றுக்கு ஒரு கன்றில் வைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்துக் கன்றை எடுத்து உலகத்தின் மிகச் சிறந்த சோதனையைச் செய்தாலும், நோயுள்ள ஒன்றுகூடக் கையில் சிக்காமல் போக நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு இருக்கிறது. ஒன்றாவது சிக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 300 கன்று பார்க்க வேண்டும். முந்நூறு தனிச் சோதனைக்கு எந்தப் பண்ணையும் காசு கொடுக்காது. பத்துப் பத்தாகச் சேர்த்து அரைத்தால் முப்பது சோதனையில் முடியும். அங்கேதான் நுண்ணுணர்வு உண்மையிலேயே உதவுகிறது: ஒன்பது நல்ல இலையோடு கலந்த ஒரு கெட்ட இலையைப் பிடிக்க.

மறுபக்கக் கணக்கும் உண்டு. ஆயிரம் கன்றில் பத்தில் நோய். சோதனை நூற்றுக்கு இரண்டு முறை நல்ல கன்றையும் தவறாகக் குற்றம் சாட்டும் என்று கொண்டால், பத்து உண்மையான நோயாளிகளோடு இருபது நிரபராதிகளும் பிடிபடுவார்கள். நோய் அபூர்வமாக இருக்கும் இடத்தில் முதல் விடையை வைத்து எதையும் அழிக்கக் கூடாது, வேறு முறையில் ஒரு தடவை உறுதி செய்ய வேண்டும். நோய் நிறைந்த தோட்டத்திலோ அந்தச் சோதனையே தேவையில்லை, கண் போதும்.

கண் போதாத இன்னொரு சந்தர்ப்பமும் உண்டு, அது நோயில்லாத தோட்டம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி என்பது பொதுவான அடையாளம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். துத்தநாகக் குறைபாடும், பக்கத்து வயலில் அடித்த களைக்கொல்லியின் சாரலும்கூட இலையைக் கோணலாக்கும். வைரஸுக்கு மருந்து கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் ஏதாவது செய்யலாம். உரக்கடையில் இலையைக் காட்டி, மூன்று பாட்டில் வாங்கித் திரும்புகிறவருக்கு 'இது வைரஸ் இல்லை' என்ற விடை, 'வைரஸ்' என்ற விடையைவிட அதிகக் காசை மிச்சம் பண்ணும். ஆராய்ச்சி மானியம் கேட்கும் யாரும் இதை எழுதிப் பார்த்ததில்லை.

திசு வளர்ப்பு வாழைக்கு நம் நாட்டில் ஒழுங்கு ஒன்று வந்துவிட்டது. விதைச் சட்டத்தின் கீழ் 2006இல் தொடங்கிய தேசியச் சான்றளிப்பு முறைப்படி, தாய்ச் செடியிலும் பிறகு தொகுதி தொகுதியாகவும் நான்கு வைரஸ்களைச் சோதிக்கிறார்கள்: முடிக்கொத்து, வெள்ளரித் தேமல், பூமடல் தேமல், கீற்று. மலைவாழையைக் குருத்து நுனித் திசுவிலிருந்து வளர்த்து, சோதித்து, மறுபடி மலையேற்றும் வேலையும் நடந்தது. சோதித்துக் கொண்டுபோன கன்றைச் சுற்றிலும் பழைய நோய் மரங்கள் நின்றால் அசுவினி அதைத் தேடி வரத்தான் செய்யும். மேலும் பக்கக்கன்று வாங்கி நடுகிறவருக்கு எந்தச் சான்றும் இல்லை. ஒரு தோட்டக்காரர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கன்றை எந்தச் சட்டமும் நிறுத்திக் கேட்பதில்லை.

மரவள்ளியில் நிலைமை இன்னும் அப்பட்டம். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கம் குச்சிக்கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. கிழங்கு வெட்டியதும் தண்டை நிழலில் அடுக்கி, அடுத்த பருவத்துக்குத் துண்டு போட்டு நடுவார்கள். தண்டில் தேமல் வைரஸ் இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும். வெள்ளை ஈ தனியாகப் பரப்புவது வேறு. தமிழ்நாட்டில் மரபணு பார்த்தபோது அதிகம் கிடைத்தது இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். பேருக்குத்தான் இலங்கை. இதே வைரஸ் 2015இல் கம்போடியாவின் ரத்தனகிரியில் தோன்றி, 2017இல் வியட்நாமின் தாய் நின், 2018இல் தாய்லாந்து என்று எல்லை தாண்டியது. மரபணு வரிசையைப் படித்ததால்தான் இது புதிய நோய் அல்ல, தெற்காசிய வைரஸ் என்று உடனே அடையாளம் தெரிந்தது. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது தண்டு ஏற்றிய லாரிகளின் வேகத்தில். அந்த வேகத்தோடு எந்தச் சோதனையும் போட்டி போடவில்லை, ஏனென்றால் எந்தச் சோதனையும் லாரி நிற்கும் இடத்தில் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1920களில் வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்திலும் முடிக்கொத்து நோயால் வாழைத் தொழிலே குலைந்தது. சி. ஜே. மகீ 1927இல் நோயைப் பரப்புவது அசுவினியும் கன்றும்தான் என்று நிறுவினார். வைரஸின் மரபணுவை யாரும் பார்ப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அது. சட்டம் போட்டார்கள். தோட்டங்களைப் பதிவு செய்தார்கள், ஆய்வாளர்கள் மரம் மரமாக நடந்தார்கள், கன்று நடமாட்டத்துக்கு அனுமதி வேண்டும் என்றார்கள். நோய் மரம் கண்டால் முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி அசுவினியைக் கொன்றுவிட்டுத்தான் தோண்டினார்கள். இல்லையென்றால் வெட்டுகிற ஆட்டத்தில் அசுவினி பறந்து பக்கத்து மரத்துக்குப் போகும். தொழில் மீண்டது. இன்றும் அந்தக் கண்காணிப்பு அங்கே தொடர்கிறது. கண்ணும் சட்டமும் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாம் போலிருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆய்வாளர் போகும் அமைப்பு நம்மிடம் இல்லை. வாழையைக் கொல்லையிலும் வாய்க்கால் கரையிலும் வைத்திருக்கும் ஊரில் அது அமைவதும் கடினம். அமைப்பின் ஓட்டையைச் சோதனை ஓரளவு அடைக்க முடியும், சரியான இடத்தில் வைத்தால்.

அந்த இடம் பல்கலைக்கழகச் சோதனைக்கூடம் அல்ல. கன்று வியாபாரி கட்டு இறக்கும் மேடு, தண்டு எடை போடும் களம், நாற்றுப்பண்ணையின் வாசல். அங்கே ஒரு வெந்நீர்ப் பெட்டி, உலர்பொடிக் குழாய்கள், மெழுகுத் தாள் பட்டைகள், பயிற்சி பெற்ற இருவர் இருந்தால் தொழில்நுட்பத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. மீதி எல்லாம் தீர்மானிக்க வேண்டியவை: கட்டுக்கு எத்தனை கன்று எடுப்பது, சோதனைக் காசை விற்பவர் கொடுப்பதா வாங்குபவர் கொடுப்பதா, 'உண்டு' என்று வந்த கட்டை எரித்தால் நஷ்டம் யார் தலையில் விழும். இந்த மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத வரையில் வியாபாரி தன் கன்றைத் தானாகக் கொண்டு வந்து காட்ட மாட்டார். விடை இருக்கும் இடத்தில் இருபது நிமிடத்துக்கு மதிப்பு வருகிறது. இருபது நிமிடம் என்றால் லாரி நிற்கும், டிரைவர் டீ குடித்துவிட்டு வருவார். மூன்று நாள் என்றால் கன்று அதற்குள் குழியில் இறங்கித் தண்ணீரும் பாய்ந்திருக்கும்.